அளவு இல்லை என்று சொல்லுமுன்

ஜவுளிக்கடையில் பருமனான பெண்மணி ஒருவர் சுடிதாரோ நைட்டியோ கேட்டால், பல இடங்களில் கடைப்பையன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொல்லும் பதில் "உங்க சைஸ் வராதுக்கா" என்பதுதான். "எங்களிடம் இருப்பு இல்லை" என்று சொல்வதில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. இருப்பு இல்லை என்றால் குறை கடையினுடையது. உங்கள் சைஸ் வராது என்றால் குறை வாங்க வந்தவருடைய உடம்பினுடையது. சீரகம் தீர்ந்துபோன நாளில் நாம் யாராவது "உங்க நாக்குக்குச் சீரகம் சரிப்படாதும்மா" என்று சொல்வோமா? சரக்கு இல்லாததற்கு வாங்க வந்தவரையே பொறுப்பாக்கும் விசித்திரம் துணி வியாபாரத்தில்தான் இருக்கிறது.

நம் பழைய உடுப்பில் இந்தத் தொல்லை கிடையாது. ஒல்லியானவருக்கும் எட்டு முழ வேட்டிதான், தொந்தியுள்ளவருக்கும் எட்டு முழ வேட்டிதான். சேலை ஐந்தரை மீட்டர். உடம்பு பெருத்தவருக்குக் கொசுவத்தில் இரண்டு மடிப்பு குறையும், அவ்வளவுதான். ரவிக்கைக்கு அளவு ரவிக்கை ஒன்றைத் தையற்காரரிடம் கொடுத்தால் விஷயம் அவருக்கும் அந்த அம்மாளுக்கும் இடையில் முடிந்துபோகும். ரெடிமேட் வந்த பிறகுதான் சட்டை முதலில் தைக்கப்பட்டு, அதற்கு ஏற்ற உடம்பைத் தேடத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் இது நமக்கு வெகுகாலம் முன்பே, சுமார் 1900 வாக்கில் நடந்தது. அங்கே இதை ஒரு சிறு வியாபாரி எப்படிக் கையாண்டார் என்பது நம்மவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு.

அவர் பெயர் லீனா பிரையன்ட். லிதுவேனியாவில் பிறந்த யூதப் பெண். 1895ல், பதினாறு வயதுவாக்கில், நியூயார்க் வந்து இறங்கி, உள்ளாடை தைக்கும் பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தார். ஒரு நகை வியாபாரியை மணந்தார். மகன் பிறந்த சில மாதங்களிலேயே கணவர் இறந்துபோனார். கணவர் கொடுத்த வைரத் தோட்டை அடகு வைத்துத் தையல் மிஷினுக்கு முன்பணம் கட்டினார். 1904ல் சொந்தமாகக் கடை திறந்தார். வங்கிக் கணக்கு தொடங்கும்போது பதற்றத்தில் 'லீனா' என்பதற்குப் பதிலாக 'லேன்' என்று எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டதாகவும், அதுவே 'லேன் பிரையன்ட்' என்று கடைக்குப் பெயராக நின்றுவிட்டதாகவும் சொல்வார்கள். நம் ஊரிலும் பதிவாளர் ஆபீசில் எழுத்து மாறிப் பெயர் நிலைத்த கடைகள் உண்டு.

அவரிடம் வந்த கர்ப்பிணி ஒருவர், வீட்டுக்கு விருந்தினர் வந்தால் உடுத்திக்கொள்ள, பார்வைக்கு நன்றாகவும் வயிற்றை இறுக்காமலும் இருக்கும்படி ஓர் உடை கேட்டார். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் வெளியே தலைகாட்டுவதே அழகல்ல என்று நினைத்தார்கள். லீனா மடிப்புப் பாவாடையை ரப்பர் பட்டியில் இணைத்துத் தைத்துக் கொடுத்தார். அது பிடித்துப்போய் மற்றவர்களும் வந்தார்கள். ஆனால் பத்திரிகைகள் அந்த உடைக்கு விளம்பரம் போட மறுத்துவிட்டன. 1911ல் 'நியூயார்க் ஹெரால்டு' பத்திரிகை இணங்கி விளம்பரம் வெளியிட்டதும், கடையில் இருந்த சரக்கு மறுநாளே தீர்ந்தது. பேசக்கூடாத விஷயம் என்று ஊர் நினைத்ததன் பின்னால் எத்தனை வாடிக்கையாளர்கள் பேசாமல் காத்திருந்தார்கள் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

நம் கவனத்துக்கு உரியது இதற்கு அடுத்த கட்டம். 1909ல் லீனா மறுமணம் செய்துகொண்டார். இரண்டாவது கணவர் ஆல்பர்ட் மால்சின் இன்ஜினியர். கடைக்கு வரும் பெண்களில் கர்ப்பிணி அல்லாத பலர் அந்தத் தளர்வான உடைகளை விரும்பிக் கேட்பதை இருவரும் கவனித்தார்கள். பருமனான பெண்களுக்கு ரெடிமேடில் போட்டுக்கொள்ள எதுவும் இல்லை என்பதே காரணம். வேறொருவராக இருந்தால் உடனே நான்கு பெரிய அளவு தைத்து அலமாரியில் அடுக்கியிருப்பார். மால்சின் அப்படிச் செய்யவில்லை. கடைக்கு வந்த சுமார் 4,500 பெண்களின் அளவுகளை எடுத்தார். போதாதென்று ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியிடமிருந்து சுமார் 2 லட்சம் பெண்களின் அளவு விவரங்களையும் வாங்கிப் பார்த்தார். பருமன் என்பது ஒரே அச்சு அல்ல, உடம்பு பெருப்பதில் மூன்று விதம் இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். அந்த மூன்றுக்கும் தனித்தனியாக வெட்டித் தைத்தார்கள். ஒல்லியானவருக்கு வெட்டிய காகிதத்தையே நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் இழுத்தால் பெரிய அளவு ஆகிவிடாது. தோள் தொங்கும், கை இறுக்கும். இதை இன்றைக்கும் பல தயாரிப்பாளர்கள் புரிந்துகொள்ளவில்லை.

1923ல் அவர்களுடைய வருட விற்பனை 50 லட்சம் டாலரைத் தொட்டது. பருமனானவர்களுக்கான உடை, கர்ப்பிணிகளுக்கான உடையை விற்பனையில் முந்திவிட்டது. தபால் மூலம் வாங்கும் வசதியும் வைத்திருந்தார்கள். கடைப்பையனின் பார்வைக்கு அஞ்சியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். இப்போது 'பிளஸ் சைஸ்' என்று உலகமெங்கும் சொல்கிறார்களே, அந்தச் சொல்லை 1920களிலேயே விளம்பரத்தில் பயன்படுத்தியவர்கள் இவர்கள். ஆனால் இவர்களும் எல்லாவற்றிலும் சரியாக நடந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. 1950களில் பருமனான சிறுமிகளுக்கு ஓர் உடை வரிசை கொண்டுவந்து, அதற்கு 'சப்பெட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். 'குண்டுப் பாப்பா' என்று நாம் சொல்வதைப் போன்ற பெயர் அது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன சிறுமியின் மனம் எப்படியிருந்திருக்கும் என்று விளம்பரம் எழுதியவர் யோசித்ததாகத் தெரியவில்லை. கடை பல கை மாறியது. தாய்க் கம்பெனி 2020ல் திவாலானபோதும் கடைப் பெயர் விலைபோய்ப் பிழைத்துக்கொண்டது.

அமெரிக்க அரசும் ஒருமுறை அளவெடுக்க முயன்றது. 1939, 1940ஆம் ஆண்டுகளில் அவர்களுடைய விவசாயத் துறை சுமார் 15,000 பெண்களை அளந்தது. விவசாயத் துறைக்கும் ரவிக்கைக்கும் என்ன சம்பந்தம் என்று நமக்கும் தோன்றியது; மனையியல் பிரிவு அந்தத் துறையில் இருந்ததுதான் காரணம். வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகளை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதை அடிப்படையாக வைத்து 1958ல் உடை அளவுக்கு ஒரு தரநிர்ணயம் வெளியிட்டார்கள். பலருக்கும் பொருந்தாத அது, 1983ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. யாரை அளந்தோமோ அவருக்குத்தான் துணி பொருந்தும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அதே நாட்டில் மெட்ரோபாலிட்டன் லைஃப் என்ற காப்பீட்டுக் கம்பெனி 1942ல் இன்ன உயரத்துக்கு இன்ன எடைதான் சிறந்தது என்று அட்டவணை போட்டது. பாலிசிக்காரர்களின் ஆயுளைக் கணக்குப் பார்க்கப் பிறந்த எண்கள், மருத்துவமனைச் சுவரிலும் வீட்டுக் குளியலறையிலும் போய் உட்கார்ந்தன. மால்சினுக்குக் காப்பீட்டுக் கம்பெனியின் எண்கள் துணியைத் திருத்த உதவின. அட்டவணையிலோ ஆளைத் திருத்தச் சொல்லின.

நம் காலத்துக்கு வருவோம். இளைஞர்களுக்கு உடை விற்கும் ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனியின் தலைவர், அழகும் கவர்ச்சியும் உள்ள இளசுகளுக்கே தங்கள் கடை, மற்றவர்களுக்கு இல்லை என்ற பொருள்பட 2006ல் பேட்டி கொடுத்தார். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2013ல் அந்தப் பேச்சு மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தபோது வாடிக்கையாளர்கள் கொதித்துவிட்டார்கள். விற்பனையும் சரிந்துகொண்டிருந்தது. பெரிய அளவுகளையும் விற்போம் என்று அந்த ஆண்டே கம்பெனி இறங்கிவந்தது. தலைவர் 2014 டிசம்பரில் பதவியை விட்டு விலகினார்.

இதைப் படித்துவிட்டு, நல்ல மனம் இருந்தால் போதும், பெரிய அளவு வைத்தால் லாபம் கொட்டும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 'ஓல்டு நேவி' என்ற கடைக் குழுமம் 2021 ஆகஸ்டில், பெண்களுக்கான எல்லா அளவும் எல்லாக் கடையிலும் ஒரே விலையில் கிடைக்கும் என்று அறிவித்தது. பருமனானவர்களுக்குத் தனி மூலை கிடையாது, எல்லாம் ஒரே வரிசையில் தொங்கும். பாராட்டத்தக்க எண்ணம். ஆனால் எந்த ஊர்க் கடையில் எந்த அளவு எத்தனை போகும் என்ற கணக்கில் கோட்டை விட்டார்கள். 2022ல் பார்த்தால் நடு அளவுகள் தீர்ந்து நிற்க, மிகப் பெரியதும் மிகச் சிறியதும் குவிந்து கிடந்தன. தள்ளுபடியில் தள்ள வேண்டியதாயிற்று. நிர்வாகத் தலைவரும், தாய்க் கம்பெனியின் தலைவரும் அந்த ஆண்டே வெளியேறினார்கள். உடனே சிலர் "பார்த்தீர்களா, குண்டானவர்களுக்குத் துணி வைத்தால் நஷ்டம்" என்று பேசத் தொடங்கினார்கள். நாம் அதை ஏற்கவில்லை. து.பருப்பு பத்து மூட்டை போகிற கடையில் மூன்று மூட்டையும், மொச்சை ஒரு மூட்டை போகிற இடத்தில் எட்டு மூட்டையும் இறக்கிவிட்டு, மொச்சை தின்பவர்களால் நஷ்டம் என்று சொல்வதைப் போன்றது அது. மால்சின் முதலில் அளந்தார், பிறகு வெட்டினார். இவர்கள் முதலில் அறிவித்துவிட்டார்கள்.

பருமன் உடம்புக்குக் கேடு என்று டாக்டர்கள் சொல்லும்போது, அதற்குத் தகுந்த துணி விற்பது அதை வளர்ப்பது ஆகாதா என்று சில அன்பர்கள் கேட்கிறார்கள். சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் பருமனோடு சேர்ந்து வரக்கூடியவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது டாக்டரின் தொழில். உடம்பு இளைக்கட்டும், பிறகு துணி தருகிறோம் என்று யாரும் சொல்ல முடியாது. அதுவரை அவர் எதை உடுத்திக்கொண்டு டாக்டரிடம் போவார்? தைராய்டு, பிள்ளைப்பேறு, சில மாத்திரைகள் என்று எடை கூடுவதற்குப் பல காரணங்கள் உண்டு. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அவற்றில் எது என்று கண்டுபிடிக்கும் படிப்பும் இல்லை, உரிமையும் இல்லை.

மளிகைக்காரருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நமக்குத் தெரிந்த ஒரு மளிகைக்கடையில் நடந்ததைச் சொல்கிறோம். பத்து வருடத்துக்கு மேல் மாதக் கணக்கு வைத்து வாங்கிய ஓர் அம்மாள். கடன் நோட்டில் அவர் பக்கத்தின் தலைப்பு 'குண்டு அம்மா, ரெண்டாவது சந்து' என்று இருந்தது. பெயர் ஒன்றாக உள்ள பலர் இருந்ததால் அடையாளத்துக்கு எழுதியதாகக் கடைக்காரர் சொன்னார். கெட்ட எண்ணம் இல்லை என்பது உண்மைதான். ஒருநாள் பாக்கியைச் சரிபார்க்க அந்த அம்மாள் நோட்டைத் திருப்பினார். தலைப்பைப் படித்தார். "எனக்குப் பேர் இருக்கு அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார். இரண்டு நாளில் மகனிடம் பாக்கி முழுவதையும் கொடுத்தனுப்பினார். அதன்பிறகு அந்தக் கடைப் படியை மிதிக்கவில்லை. மாதம் நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் வியாபாரம் அடுத்த தெருவுக்குப் போயிற்று. அவர் போனதோடு அவருடைய தங்கை வீட்டுக் கணக்கும் போயிற்று.

இத்தகைய நோட்டுகள் நம் கடைகளில் எத்தனை இருக்கின்றன என்று அன்பர்கள் இன்றைக்கே புரட்டிப் பார்க்கட்டும். எண்ணெய் கேட்டவரிடம் "உங்களுக்கு எதுக்குக்கா அஞ்சு லிட்டர்" என்று பையன்கள் விளையாட்டாகக் கேட்பதையும் நிறுத்த வேண்டும். மூட்டைகளை அடுக்கிவிட்டு நடுவில் ஒரு முழம் வழி விட்டிருக்கிறோம். பருமனான ஒருவர் அதில் நுழைந்து திரும்ப முடிகிறதா என்பதையும் பார்த்தால் நல்லது.

உடம்பு இளைக்கும் தூள் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனிக்காரர் கொடுக்கும் அட்டையை வாங்கி அப்படியே கடையில் தொங்கவிடுகிறோம். 1954ஆம் வருட மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தில், குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் பருமனும் இருக்கிறது. விளம்பரம் என்றால் பத்திரிகையில் வருவது மட்டுமல்ல. லேபிள், மேலுறை, துண்டுச் சீட்டு எல்லாமே அதில் அடங்கும். கம்பெனிக்காரர் தப்பித்துக்கொள்ளலாம், அட்டை தொங்குவது நம் கடையில். அந்த அட்டைகளில் குண்டாக இருக்கும் பெண்ணின் படத்தை அழுமூஞ்சியாகவே போடுகிறார்கள். அதே அளவுள்ள பெண்மணி அதன் கீழே நின்றுதான் நம்மிடம் கால் கிலோ துவரம்பருப்பு வாங்குகிறார்.

நம் சங்கத்தில் ரெடிமேட், நைட்டி, பனியன் விற்கும் உறுப்பினர்கள் பலர் இருக்கிறார்கள். மொத்த வியாபாரி செட்டாகக் கொடுக்கிறார், செட்டை உடைக்க மாட்டேன் என்கிறார், எக்ஸ்எல்லுக்கு மேல் வேண்டுமென்றால் பிடிவாதமாக இருக்கிறார் என்பது அவர்களுடைய நியாயமான குறை. 'ஃப்ரீ சைஸ்' என்று முத்திரை குத்தி வருவது பலருக்கு நுழைவதே இல்லை. ஆனால் மொத்த வியாபாரியிடம் வாதாடக் கையில் கணக்கு வேண்டும். விற்றதை எல்லோரும் எழுதுகிறோம். கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவரை யாரும் எழுதுவதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தேதி, கேட்ட பொருள், கேட்ட அளவு என்று மூன்று பத்தி. பெயர் வேண்டாம், அடையாளமும் வேண்டாம். பத்துக் கடைக்காரர்கள் மூன்று மாதம் எழுதி, சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், நம் ஊரில் எந்த அளவு எத்தனை வேண்டும் என்பது தெரிந்துவிடும். அதை வைத்துப் பத்துப் பேரும் சேர்ந்தே ஆர்டர் கொடுத்தால் எந்தத் தயாரிப்பாளரும் தைத்துத் தருவார். எழுதச் சம்மதிக்கும் உறுப்பினர்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் பெயர் கொடுக்கலாம். வந்த கணக்கை இந்த இதழிலேயே வெளியிடும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறோம்.