மொட்டைக் கோபுரம் காட்டும் அஞ்சலட்டை

பழைய பட அஞ்சலட்டைகளைச் சேகரிப்போர், அஞ்சல் முத்திரையைக் கொண்டே அவற்றின் காலத்தைக் கணிப்பது வழக்கம். முத்திரை மங்கிய அட்டையில் திருத்தலத்தின் படம் இருந்தால், கோயிலே தன் காலத்தைச் சொல்லிவிடும்.

ஸ்ரீரங்கத்துத் தெற்கு வாயிலின் பழைய படங்களைப் பாருங்கள். இன்று நாம் அண்ணாந்து தொழும் 13 நிலை இராஜகோபுரம் அவற்றில் இராது. கல்லாலான அடிநிலை மட்டுமே நிற்கும். விஜயநகர மன்னர் காலத்தில் தொடங்கி நின்றுபோன அதனை ‘மொட்டைக் கோபுரம்’ என்றே ஊரார் அழைத்தனர். தலைமுறை தலைமுறையாக அடியார்கள் அவ்வாயிலைக் கடந்து சென்றே அரங்கனைச் சேவித்தனர். அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கர் முன்னின்று நடத்திய திருப்பணியால், 1987-இல் கோபுரம் நிறைவெய்தி மகாசம்ப்ரோக்ஷணம் கண்டது. மொட்டை வாயில் தெரியும் படம் அத்திருப்பணிக்கு முற்பட்டது என்பதில் ஐயமில்லை.

அட்டையின் பின்புறத்தையும் நோக்குக. நடுக்கோடு இல்லையெனில் அது மிகப் பழைய அமைப்பு. அந்நாளில் பின்புறம் முழுதும் முகவரிக்கே உரியது. செய்தியைப் படத்தின் ஓரத்தில்தான் எழுதினர்.

உங்கள் இல்லத்துப் பெட்டியிலும் பாட்டனார் யாத்திரையில் வாங்கிய அட்டை இருக்கக்கூடும். பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அஞ்சல்தலையைப் பிரிக்க வேண்டா. பசையிட்டு ஒட்டவும் வேண்டா. தலத்தின் பெயரைப் பென்சிலால் மெல்லக் குறித்து, ஈரம் படாமல் வையுங்கள்.

நிறைவுற்ற கோபுரத்தை மட்டுமே கண்டு வளரும் நம் பிள்ளைகள், முன்னோர் எத்தனை காலம் அதற்காகக் காத்திருந்தனர் என்பதை அவ்வட்டையைக் கண்டு உணர்வார்கள்.