நீங்க பேசுங்க மேடம்

அமெச்சூர் ஒளிப்படக் குழுக்களைத் திட்டி எழுத உட்கார்ந்தால் முதலில் ஒரு சங்கடம் வருகிறது. திட்டுவதற்கு வசதியான வில்லன்கள் அங்கே இல்லை. வங்கி ஊழியர், மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர், கல்லூரி ஆசிரியர், ஓய்வுபெற்ற பொறியாளர், ஐ.டி. கம்பெனிப் பையன்கள் என்று எல்லோரும் சொந்தக் காசில் லென்ஸ் வாங்கி, சொந்தக் காசில் டீசல் போட்டு, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள். லென்ஸை இரவல் தருவார்கள். புதிதாக வருபவருக்கு அப்பர்ச்சரும் ஷட்டரும் பைசா வாங்காமல் சொல்லித்தருவார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். ஆகவே எந்தக் கேள்வி கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கும்: "நாங்க என்ன காசுக்காகவா பண்றோம்?"

காசுக்காகச் செய்கிறவனிடம் பேரமாவது பேசலாம். பொழுதுபோக்குக்காக வருகிறவனிடம் என்ன பேசுவது?

மதுரையில் அப்படி ஒரு குழுவில் நான் ஆறு வருடம் இருந்தேன். பெயர் இங்கே வேண்டாம். போட்டோ வாக் என்றால் முப்பது பேர் வருவார்கள், அதில் பெண்கள் மூன்று பேர். எங்களுக்குப் பிடித்த இடம் வைகை அணை. உசிலம்பட்டி வழியாக ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி, இருட்டோடு போய்ச் சேர்ந்தால் சூரியன் எழும்போது நீர்த்தேக்கத்தில் பரிசல் நிற்கும். 1959இல் திறக்கப்பட்ட அணை. 71 அடி நிறைந்தால் ஐந்து மாவட்டத்து விவசாயிகளுக்கு நிம்மதி, எங்களுக்கு நல்ல பிரதிபலிப்பு.

பரிசல்காரர் வலை வீச வேண்டும். வலை காற்றில் வட்டமாக விரிய, அதன் நடுவில் சூரியன் வர வேண்டும். முதல் வீச்சில் அப்படி வராது. ஆகவே அவரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். நான் பார்த்தவரை 500 ரூபாய், சில நாள் கூடவும் உண்டு. அவர் இருபது தடவை வெறும் வலையை வீசுவார், மீன் அன்றைக்கு இரண்டாம் பட்சம். அதில் எனக்குப் புகார் இல்லை. வேலை வாங்கினால் கூலி தருவது நியாயம்தான். ஆனால் பத்தடி தள்ளிக் கரையில் உட்கார்ந்து, முந்தின இரவு பிடித்த மீனைச் செதில் சீவிக்கொண்டிருக்கும் பெண்ணையும் அதே முப்பது பேர் எடுக்கிறார்கள். அவரிடம் யாரும் முன்கூட்டிப் பேசவில்லை, அவருக்குக் கூலியும் இல்லை. கேட்டால், அவர் போஸ் கொடுக்கவில்லை, தன் வேலையைத்தான் செய்கிறார் என்பார்கள். ஆணின் வேலையை நடிக்கச் சொன்னால் கூலி; பெண்ணின் வேலை அங்கேயே கிடக்கிற காட்சி, கல்லும் தண்ணீரும் மாதிரி.

அந்தப் பெண் நிமிர்ந்து முறைத்தாலோ, சேலையை இழுத்து மூடினாலோ, "யாருய்யா நீங்க?" என்று கேட்டாலோ உடனே ஒரு குரல் எழும்: "மேடம், நீங்க கொஞ்சம் பேசுங்க."

குழுவில் பெண்களுக்கு இருந்த வேலை இதுதான் என்று எனக்குப் புரிய இரண்டாவது பயணமே போதுமானதாக இருந்தது. நாங்கள் போய் "என்னக்கா, எந்த ஊரு, எத்தனை பிள்ளைங்க" என்று பேச்சுக் கொடுக்க வேண்டும். அந்த முகம் இளகும்போது எங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து ஷட்டர்கள் சத்தம் போடும். பிறகு அந்தப் படங்கள் 'கபடமற்ற சிரிப்பு' என்று தலைப்புப் பெறும். அந்தச் சிரிப்பு எங்களுக்குத் தரப்பட்டது, அவர்களுக்கு அல்ல. பெண் உறுப்பினர் சேர்க்கை பற்றிப் பெருமையாகப் பேசும் குழுக்களிடம் நான் கேட்பேன்: போட்டி நடுவர் மேஜையில் எத்தனை பெண்களை உட்காரவைத்தீர்கள்? எங்களை அழைத்துப்போனது படம் எடுக்கவா, கதவு திறக்கவா?

குழு என்பதே ஒரு பலம். தனியாக ஒருவன் கேமராவோடு நடவு வயலுக்குள் நடந்து வந்தால் வரப்பிலிருந்து நாலு வார்த்தை கேட்பார்கள், பதில் சொல்லாமல் நகர முடியாது. முப்பது பேர் ஒரே டீ ஷர்ட்டில் வந்தால் ஏதோ அரசாங்க வேலை என்று தோன்றிவிடுகிறது. இது வெறும் கற்பனை அல்ல. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரியிலிருந்து செல்போன் செயலியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தொழிலாளர்களைப் படம் எடுத்து ஏற்றினால்தான் வருகைப்பதிவு என்று கட்டாயமாக்கினார்கள். படத்தில் விழாவிட்டால் சம்பளம் போச்சு. முதியோர் பணம், ரேஷன் கார்டு என்று எதற்குப் போனாலும் ஒரு போட்டோ. அதனால் ஜெயமங்கலம் பக்கம் ஒரு பாட்டி எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து, முகத்தைத் துடைத்து, முந்தானையைச் சரிசெய்து, நேராக நின்று, "எதுக்குய்யா புடிக்கிறீக, முதியோர் பணத்துக்கா?" என்று கேட்டார். எங்கள் ஆட்கள் முனகியது நினைவிருக்கிறது: "அய்யோ, நேச்சுரல் போச்சே."

பாட்டிகள் விஷயத்தில் இவர்களுக்குத் தனி வெறி. உசிலம்பட்டியிலிருந்து தேனிவரை தண்டட்டி போட்ட காதுகளைத் தேடி அலைவார்கள். பலர் காதைத் தைத்து ஒட்டிக்கொண்டுவிட்டார்கள், பேத்தி கல்யாணத்துக்குக் கம்மல் போட வேண்டும் என்று. அதைக் கேட்டால் இவர்களுக்கு வருத்தம். "இன்னும் பத்து வருஷத்துல இந்தக் காதே இருக்காது" என்பார்கள், வரையாட்டைப் பற்றிப் பேசுகிற தொனியில். அந்தப் படம் கறுப்பு வெள்ளையாகும், கணினியில் கிளாரிட்டியை ஏற்றுவார்கள், ஒவ்வொரு சுருக்கமும் உழவு சால் போல எழும்பும், 'முதுமையின் அழகு' என்று சலோனுக்குப் போகும். சலோன் என்றால் போட்டிக் கண்காட்சி. 1950இல் ஐரோப்பாவில் உருவான ஃபியாப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பு, இந்தியாவில் அதனோடு இணைந்த கூட்டமைப்பு என்று பெரிய அமைப்பு இருக்கிறது. இத்தனை சலோன்களில் இத்தனை படம் ஏற்கப்பட்டால் பெயருக்குப் பின்னால் நாலைந்து எழுத்துப் பட்டம் போட்டுக்கொள்ளலாம். பாட்டியின் பெயர் எந்த நிலையிலும் தேவைப்படாது.

பெயர் கேட்காமல் எடுப்பது இங்கே கேமரா வந்த காலத்துப் பழக்கம். 1850களிலேயே பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் மூன்று ஊரிலும் ஒளிப்படச் சங்கங்கள் தொடங்கிவிட்டன. 1858இல் லின்னயஸ் டிரைப் மதுரையைப் படமெடுத்தபோது கோயிலும் மகாலும் தூணுமாகத்தான் எடுத்தார், மனிதர்கள் அபூர்வம். என் கோபத்துக்குப் பொருத்தமான ஆள் டிரைப் அல்ல, ஜூலியா மார்கரெட் கேமரன். அமெச்சூர், மேதை, பெண். இங்கிலாந்தில் தன் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரை மாதாவாக உட்காரவைத்து எடுத்தார். அந்தப் பணிப்பெண்ணின் பெயர் இன்றுவரை வரலாற்றில் இருக்கிறது. 1875இல் கேமரன் இலங்கைக்கு வந்து களுத்துறையில் தங்கினார். அங்கே அவரைப் பார்க்க வந்த ஓவியர் மரியன் நார்த்தையும் படம் எடுத்தார், அதிலும் பெயர் இருக்கிறது. அதே கேமராவில் உள்ளூர் ஆட்களை எடுத்த படத்துக்குத் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர் குழு'. அவ்வளவுதான். ஆகவே கேமராவுக்குப் பின்னால் பெண் நின்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

'கேண்டிட்' என்றொரு மந்திரச் சொல் உண்டு. எடுக்கப்படுகிறவருக்குத் தெரியாமல் எடுத்தால்தான் உண்மை வரும், அனுமதி கேட்டால் கலை செத்துவிடும் என்பார்கள். சரி. கம்பத்தில் திராட்சைக்கு விலை வைக்கும் வியாபாரியை அவருக்குத் தெரியாமல் எடுத்தது உண்டா? ஏலத்தோட்ட முதலாளியை, பனியனோடு தன் வீட்டுத் திண்ணையில் இருக்கும்போது? காலை ஐந்து மணிக்கு, நீங்கள் கிளம்புவதற்குமுன், உங்களுக்கு ஃபிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டு தூக்கக் கலக்கத்தோடு நிற்கிற உங்கள் மனைவியை? அந்த வெளிச்சமும் நன்றாகத்தான் இருக்கும். எடுக்க மாட்டீர்கள். ஏனென்றால் அவர்கள் எல்லோருக்கும் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். யாரைக் கேட்காமல் எடுக்கலாம் என்ற பட்டியல் எந்த விதிமுறையிலும் எழுதப்படவில்லை, ஆனால் குழுவில் எல்லோருக்கும் மனப்பாடம். அதில் சாதியும் கூலியும் எழுதாமலே எழுதியிருக்கிறது.

ஜூனில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்தால் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் முதல் போகம் தொடங்கும். நடவுக்கு இறங்கும் பெண்கள் பெரும்பாலும் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக் கூட்டாக இறங்குகிறவர்கள். பத்து நிமிடம் "அக்கா, எல்லாரும் ஒண்ணா குனிங்க, ஒண்ணா நிமிருங்க" என்று நிறுத்தினால் அந்தப் பத்து நிமிடம் அவர்கள் கணக்கில்தான் எழுதப்படும். படம் எடுக்கிற கோணத்தையும் சொல்லிவிடுகிறேன். நடவுப் பெண்களைப் பெரும்பாலும் பின்னாலிருந்து, தாழ்வாக எடுக்கிறார்கள். எதற்கு என்று சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இதைவிட மோசம் படித்துறை. அணைக்குக் கீழே ஆற்றில் பெண்கள் குளிப்பார்கள், துவைப்பார்கள். 200 எம்.எம். லென்ஸ் இருக்கிறவனுக்கு எதிர்க்கரையே போதும். "பப்ளிக் பிளேஸ்தானே மேடம்" என்பது பதில். 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354சி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 77ஆவது பிரிவு. தனிமை இருக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய இடத்தில் ஒரு பெண்ணின் அந்தரங்கத்தைப் பார்ப்பதும் படம்பிடிப்பதும் குற்றம். வீட்டில் குளியலறை இருப்பவளுக்கு அந்த எதிர்பார்ப்பு சுவர் கட்டித் தரப்பட்டிருக்கிறது. ஆற்றில் குளிக்கிறவளுக்குச் சுவர், சுற்றியிருப்பவர்கள் திருப்பிக்கொள்ளும் முகம்தான். ஊர்க்காரர்கள் அதைத் தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். பெண்கள் குளிக்கும் துறைப்பக்கம் வரும் ஆண் ஒரு செருமல் செருமிவிட்டு வேறு வழியாகப் போவான். நகரத்திலிருந்து வந்த கலைஞனுக்கு அந்தச் சுவர் கண்ணில் படவில்லை என்றால் அவனுக்கு என்ன பார்வை இருக்கிறது? வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவிலும் இதே கதை. சித்திரை வெயிலில், நனைந்த சேலையோடு அக்கினிச்சட்டி ஏந்தி வரும் பெண்ணின் முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே எடுப்பார்கள். அவள் கண் சட்டியில் இருக்கிறது, இவர்கள் ஃபோகஸ் எங்கே இருக்கிறது என்பதைப் படங்களைப் பார்த்தால் தெரியும்.

குழுவில் நாங்கள் மூன்று பேரும் எழுதிக் கொடுத்தது பெரிய புரட்சி ஒன்றும் அல்ல. பேசிவிட்டுக் கேமராவை எடுங்கள். குளிக்கும் இடத்தில் எடுக்காதீர்கள். முகம் தெரிகிற படத்தைப் போட்டிக்கு அனுப்பினால் அவரிடம் சொல்லிவிட்டு அனுப்புங்கள், அவர் விரும்பினால் பெயர் போடுங்கள், ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். பரிசுப் பணம் வந்தால் பங்கு கொடுங்கள். "கலையில் அரசியலைக் கலக்காதீங்க மேடம்" என்று பதில் வந்தது. இன்னொருவர், இப்படியெல்லாம் விதி போட்டால் உலகத்தில் ஒரு நல்ல படமும் வந்திருக்காது என்று 'புலம்பெயர்ந்த தாய்' படத்தை உதாரணம் காட்டினார். டொரோத்தியா லாங்கே 1936இல் எடுத்தது. அந்தத் தாயின் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1978இல். லாங்கே பெயரைக்கூடக் கேட்கவில்லை, அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அந்த அம்மாள் சொன்னார். எங்கள் பக்கத்துச் சாட்சியை அவரே கொண்டுவந்து கொடுத்தது வசதியாகப் போயிற்று.

நல்ல படம் வராது என்பதும் பொய். மதுரைக்காரரான பழனிக்குமார், தெருவிளக்கு வெளிச்சத்தில் மீன் விற்ற தன் தாயைப் படமெடுத்து எழுதியிருக்கிறார். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவண ஒளிப்பட விருது பெற்றவர். அவர் படங்களில் இருப்பவர்களுக்குப் பெயர் இருக்கிறது, வருமானக் கணக்கு இருக்கிறது, கோபம் இருக்கிறது. எதையும் ஒளிந்து எடுக்க வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை.

நாங்கள் வெளியே வந்துவிட்டோம். இப்போது நான்கு பேராக, ஆண்டிபட்டிக்குப் பஸ்ஸில் போய் அங்கிருந்து போகிறோம். முதலில் டீ, பேச்சு. எடுக்கட்டுமா என்று கேட்டால் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சரி என்கிறவர்கள் எங்களை ஒரு வழி பண்ணிவிடுகிறார்கள். சேற்றோடு எடுக்கக் கூடாது. "இருங்க தாயி" என்று வீட்டுக்குப் போய், பெட்டியிலிருந்து சேலை எடுத்துக் கட்டி, பவுடர் போட்டு, பேத்தியை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டு கையையும் தொங்கவிட்டு, நேராக நின்று, கேமராவைப் பார்க்கிறார்கள். சிரிப்பதில்லை. நர்சிங் படிக்கிற மகளின் பக்கத்தில் நின்று எடுக்கச் சொன்னார் ஒருவர். ஏலத்தோட்டத்து வேலைக்கு ஒன்றாக ஜீப்பில் போகிற ஆறு பேர், ஜீப்போடு சேர்த்து எடுக்கச் சொன்னார்கள். எந்தச் சலோனிலும் முதல் சுற்றிலேயே தூக்கி எறியப்படும் படங்கள். வெளிச்சம் தலைக்கு நேர் மேலே, முகத்தில் நிழல், பின்னால் தண்ணீர்த் தொட்டி.

போன முறை பிரிண்டோடு போனபோது, செதில் சீவுகிற அந்த அக்கா தன் படத்தை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படம் நல்லாத்தான் இருக்கு, ஆனா பின்னாடி இந்த அணை எதுக்கு, தினம் பாக்குறதுதானே, எடுத்துட்டு ஒரு பூந்தோட்டம் போட்டுத் தாங்க, கொடைக்கானல்ல இருக்குமே அது மாதிரி என்றார். ஆண்டிபட்டி ஸ்டுடியோவில் கொடுத்து, ரோஜாத் தோட்டம் போட்டு, லேமினேட் பண்ணிக் கொடுத்தோம்.