பொறம்போக்குன்னா கேக்க ஆளில்லாத இடம்னு அர்த்தமில்ல



பத்து நாளா வலது கால்ல கட்டோட திண்ணையில உக்காந்திருக்கேன். மதகுக்குக் கீழ வாய்க்கால்ல சேறு அள்ள இறங்கினேன், உடைஞ்ச பீர் பாட்டில் குதிகால்ல ஏறிடுச்சி. ஏழு தையல். நாத்து முத்திப் போகுது, நடவுக்கு நிக்க என்னால முடியல. அதனால இன்னிக்குக் கொஞ்சம் காரமாத்தான் எழுதுவேன்.

பாட்டில் எங்கிருந்து வந்துச்சின்னு தெரியும். அதுக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி நாலு பசங்க கார்ல வந்து ஏரிக்கரை மேல கூடாரம் போட்டாங்க. கறி சுட தீ மூட்டினாங்க. "தம்பி, பனை மரத்துல காஞ்ச ஓலை தொங்குது, கரை மேல தீ வேணாம்பா"ன்னு நான்தான் போய்ச் சொன்னேன். "கவர்மென்ட் இடம்தானே பெருசு, உனக்கென்ன?"ன்னு ஒருத்தன் கேட்டான்.

அவனுக்குத்தான் இந்தப் பதில்.

ஏரி, வாய்க்கால், மேய்ச்சல், சுடுகாடு இதெல்லாம் பட்டாவுக்குப் புறம்பா பொதுவுக்குன்னு ஒதுக்கின நிலம். அதுதான் புறம்போக்கு. அந்தப் பேரை நாம திட்டுற வார்த்தையா ஆக்கி வச்சிருக்கோம், அப்புறம் எவன் அந்த இடத்தை மதிப்பான்? நெமிலி பக்கத்துல மகேந்திரவாடி இருக்கு. ஏழாம் நூற்றாண்டுல மகேந்திரவர்ம பல்லவன் ஒரே பாறையில குடைஞ்ச பெருமாள் கோயில். அங்க இருக்கிற கல்வெட்டு அந்த ஏரியையும் அவன் பேர்லயே மகேந்திர தடாகம்னு சொல்லுது. அதுக்கப்புறம் எத்தனை கவர்மென்ட் வந்து போச்சி! கரைக்கு மண்ணு போட்டவன் அந்தந்த ஊர்க்காரன். கரை உடைஞ்சா முழுகறதும் அவன் பயிருதான். எனக்கென்னன்னா, இதான்.

உடனே "வெளியாளையே விடாதே"ன்னு சிலர் கிளம்புவாங்க. அது எனக்கு ஒப்பாது. பட்டணத்துப் புள்ளைங்க நட்சத்திரம் பாக்கட்டுமே. ஆனா காட்டுல பட்ட பாடு நமக்கு ஞாபகம் இருக்கணும். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போன கூட்டம் புல்லுத் தீயில மாட்டிக்கிச்சி. 23 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் மலையேற்றத்துக்குன்னு விதிமுறையே போட்டாங்க. 2024-ல வனத்துறை 40 பாதையைத் திறந்து, வழிகாட்டியோட கூட்டிட்டுப் போகுது. சரியான ஏற்பாடு. எங்க ஏரிக்கரைக்கு வழிகாட்டி யாரு? மாடு மேய்க்கிறவரும் மதகு திறக்கிறவரும்தான். அவங்களை ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சிடும்?

கேட்டிருந்தா சொல்லியிருப்போம். எந்தக் கல்லு இடுக்குல விரியன் கிடக்கும், மழை வந்தா எந்த ஓடையில தண்ணி பாயும், எங்க கூடாரம் போடக் கூடாதுன்னு. சமைக்கணும்னா வெட்டவெளி மண்ணுல சின்னக் குழி போதும். படுக்கறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தி, சாம்பல்ல கைய வச்சிப் பாக்கணும், சூடு இருக்கக் கூடாது. கொல்லைக்குப் போறதுன்னா தண்ணியை விட்டுத் தள்ளிப் போய், குழி தோண்டி மூடணும். கொண்டாந்த பாட்டில் காலியானா கனமா குறையுது, திருப்பி எடுத்துட்டுப் போறதுக்கு என்ன வலி?

நம்ம ஆளுங்களும் யோக்கியம் இல்ல, அதையும் சொல்லிடறேன். கோழிக்கடைக் கழிவை மூட்டை கட்டி ஏரியில வீசறது வெளியூர்க்காரனா? பாலாத்துல தோல் ஷாப் தண்ணி கலந்த வழக்குல 1996-லயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிச்சி. அந்த ஆத்தைக் கெடுத்தது கூடாரம் போட்டவன் இல்ல. ஆனா அவன் கெடுத்தான், நானும் கெடுப்பேன்னு சொல்றது நியாயமா?

வெள்ளிக்கிழமை தையல் பிரிக்கிறாங்க. வாய்க்கால்ல மீதிக் கண்ணாடி இன்னும் அப்படியே கிடக்கு. ஞாயித்துக்கிழமை காலையில பொறுக்கப் போறேன். வர்றவங்க செருப்பு போட்டுட்டு, ஆளுக்கு ஒரு கோணி கொண்டாங்க.