படுக்க வைத்தா ஆபரேஷனுக்கு அனுப்புவது?

பெங்களூரு ஓசூர் சாலையில் 1973-இல் தொடங்கிய கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கு, எல்லை தாண்டி ஓசூர், கிருஷ்ணகிரித் தமிழர்களும் வருகிறார்கள். நோய் இன்னதென்று தெரிந்ததுமே நம் வீடுகளில் ஒரு சட்டம் அமலாகிவிடும்: அப்பா எழுந்திருக்கக் கூடாது. நேற்றுவரை கடைக்குப் போய்வந்தவரைக் கழிப்பறைக்கும் தோள் தாங்கி அழைத்துப் போவார்கள். "ஆபரேஷன் முடியட்டும்ப்பா, அப்புறம் நடக்கலாம்." நடந்தால் கட்டி பரவும் என்று உறவினர் ஒருவர் வேறு கிளப்பிவிடுவார். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது.

பாசம்தான். ஆனால் ஆளைக் கெடுக்கிற பாசம். சராசரி 67 வயதான, நோயற்ற முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2007-இல் வெளியானது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. கீமோ ஏற்கெனவே அரித்த உடம்பு என்ன ஆகும்?

"மூச்சு வாங்காம ரெண்டு மாடி ஏறுவீங்களா?" என்று மயக்க மருந்து டாக்டர் கேட்பார். "படியே ஏற விடுறதில்ல சார், லிஃப்ட்டுதான்" என்பார் மகன், பெருமையாக. டாக்டர் சும்மா கேட்கவில்லை. பெரிய அறுவைக்குப் பின் உடம்புக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவை. வயிற்றுத் தையல் வலியில் ஆழமாக மூச்சிழுக்க முடியாது. சளி தேங்கும், நிமோனியா வரும். முன்பே சேர்த்துவைத்த தெம்புதான் அப்போது கைகொடுக்கும்.

பெருங்குடல் புற்றுநோயாளிகள் 251 பேரிடம் பல நாடுகளில் நடந்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நான்கு வாரம் உடற்பயிற்சி, புரத உணவு, மனத்தெம்புக்கான பேச்சு எல்லாம் சேர்த்துக் கொடுத்தவர்களில் கடும் சிக்கல் 17 சதவீதம், மற்றவர்களில் 30. தளர்ந்த முதியோரிடம் கனடாவில் நடந்த 2020 ஆய்வில் இப்படி வித்தியாசம் தெரியவில்லை என்பதும் உண்மை. அதை வைத்துக்கூடப் படுத்துக்கிடப்பதே நல்லது என்று வாதாட முடியாது.

வீட்டாரை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஈசிஜி, எக்கோ எடுத்து ஃபிட்னஸ் வாங்கிவரச் சொல்கிற மருத்துவமனைகள், அந்தத் தெம்பை உண்டாக்கும் வழியைச் சொல்வது அபூர்வம். மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியைப் பலர் முதன்முதலில் பார்ப்பதே ஆபரேஷனுக்கு மறுநாள், ஒரு பந்தும் எழாமல் திணறும்போது.

எலும்புக்குப் பரவியவர்கள், ரத்தம் மிகக் குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பயிற்சிக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடவும் வேண்டாம். மற்றவர்களுக்கு, நடக்க லால்பாக் பூங்காகூட அவசியமில்லை. தங்கியிருக்கும் சத்திரத்தின் தாழ்வாரம் போதும்: பேச முடிகிற, பாட முடியாத வேகத்தில் நடை, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல். ஆபரேஷன் தேதி எழுதித் தரும் சீட்டின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. அதில் இதை எழுதித் தர எந்த மருத்துவமனைக்கு என்ன செலவு?