மச்சுப் பாவிய வீடும் ஆசாரியின் கூலியும்



போன ஞாயிறு மணலி புதுநகரில் நம் உறவினர் ஒருவரின் புது வீட்டுப் பிரதிஷ்டை. கூடம் முழுக்கத் தேக்குப் பலகையில் பால்ஸ் சீலிங். "சாலொமோன் ஆலயம் மாதிரி இருக்கு" என்று வந்தவர்கள் வியந்தார்கள். நானும் வியந்தேன். வெளியே வந்தால், அந்தப் பலகைகளை அடித்த ஆசாரி கேட் ஓரம் நிற்கிறான். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். "மூணு மாசமா கூலி பாக்கி டீச்சர். இன்னைக்குக் கேட்டா நல்லா இருக்காதுன்னு நிக்கறேன்" என்றான். சாப்பிட்ட பிரியாணி எனக்குத் தொண்டையில் நின்றது.

சாலொமோனை இழுத்தது நீங்கள். அதனால் வேதத்தை வைத்தே கேட்கிறேன்.

மரப்பலகையால் மேலே மூடுவதற்கு எபிரெயத்தில் 'ஸாஃபன்' என்று ஒரு சொல். நம் பழைய தமிழ் வேதாகமம் அதை 'மச்சுப்பாவுதல்' என்கிறது. பாட்டி வீட்டில் உத்தரத்தின் மேல் பலகை பரப்பிய மச்சு இருந்ததே, அந்த மச்சுதான். 1 இராஜாக்கள் 6:9-இல் சாலொமோன் ஆலயத்தை மச்சுப்பாவுகிறான். அங்கே அது அழகு. ஆனால் அந்தச் சொல் அங்கேயே நின்றுவிடவில்லை.

கி.மு. 520-இல் ஆகாய் கேட்கிறார்: ஆலயம் பாழாய்க் கிடக்க, உங்களுக்கு மட்டும் மச்சு வீடா? அவருக்கு முன்பே எரேமியா, 22-ஆம் அதிகாரம், 14-ஆம் வசனத்தில் யோயாக்கீம் ராஜாவின் கேதுருப் பலகை அரண்மனையைச் சாடுகிறார். எபிரெயத்தில் அங்கேயும் அதே சொல்தான். ஏன் சாடினார்? 13-ஆம் வசனத்தைப் பாருங்கள். வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்கவில்லை. ஆக, குற்றம் பலகையில் இல்லை, பாக்கியில் இருக்கிறது.

"வேலை சுத்தமில்லை, அதான் நிறுத்தி வெச்சோம்" என்பீர்கள். சுத்தமில்லாத சீலிங்குக்குக் கீழே நின்று படம் பிடித்துக் குடும்பக் குரூப்பில் போட்டது ஏன்? "கையில் பணமில்லை" என்பீர்கள். இருநூறு பேருக்குப் பிரியாணி எந்தப் பணத்தில்? பொழுது சாயுமுன் கூலியைக் கொடு என்கிறது உபாகமம் 24:15. இங்கே மூன்று மாதம் சாய்ந்துவிட்டது.

மேஸ்திரியாகவும் கான்ட்ராக்டராகவும் இருக்கும் என் மாணவர்களே, உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். சனிக்கிழமைக் கூலி சனிக்கிழமையே போய்ச் சேரட்டும்.

பெயர் எழுதவில்லை, உரியவருக்குத் தெரியும். ஆசாரியைக் கோபிக்காதீர்கள், கேட்பது நான். பாக்கியைத் தீர்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். வந்து அந்த மச்சை வாயாரப் புகழ்கிறேன்.