ஐந்தாண்டுக் காத்திருப்பு ஒரு தகுதியா?

சாணக்யபுரியில் தமிழ்நாடு இல்லம் இருக்கும் பகுதியிலேயே பிரிட்டிஷ் உயர் ஆணையமும் ஜெர்மானியத் தூதரகமும் இருக்கின்றன. வேலையின்மைக் காப்பீட்டுக்குப் பிரிட்டன் 1911-இலும் ஜெர்மனி 1927-இலும் சட்டம் இயற்றின. வேலை போனவுடன் வரும் நெருக்கடியைத் தாங்கிக்கொள்ளச் செய்வதே அச்சட்டங்களின் நோக்கம். அவ்வழியே செல்லும்போதெல்லாம் நம் மாநில விதி நினைவுக்கு வருகிறது.

தமிழ்நாட்டின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைத் திட்டத்தில் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், மேல்நிலைத் தேர்ச்சி பெற்றவருக்கு 400, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவருக்கு 300. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. மூன்றாண்டுகள் மட்டுமே தொகை கிடைக்கும். அதற்கு முன், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டுகள் நிறைந்திருக்க வேண்டும்.

தொகை சிறிது என்று பலரும் எழுதிவிட்டனர். எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுவது அந்த ஐந்தாண்டு. மாதம் ஆறாயிரம் ரூபாய்க்குள் வாழும் குடும்பத்தின் பட்டதாரி, அதுவரை எதைக் கொண்டு உண்பார்? கிடைத்த கூலிக்குப் போவார். பின்பு விண்ணப்பிக்கும் நாளில், எந்த வேலையிலும் இல்லை என உறுதிமொழி எழுத வேண்டும். மெய் சொன்னால் தொகை இல்லை. தொகை வேண்டுமெனில் மெய் இல்லை. ‘வேலையற்றவர்’ என்னும் சொல் வழக்கில் ஒருவரது நிலையைக் குறிக்கிறது. விதியிலோ அது காத்திருந்த ஆண்டுகளின் கணக்காகிவிட்டது.

விதிகள் மாறக்கூடியவையே. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம் 2018-இல் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தில், வேலை இழந்து 90 நாள் கழிந்த பின்பே சராசரி ஊதியத்தில் 25 விழுக்காடு வழங்கப்பட்டது. 2020-இல், பெருந்தொற்றுக் காலத்தில், அது 50 விழுக்காடாக உயர்ந்தது. காத்திருப்பு 30 நாளாகக் குறைந்தது. முதலாளி வழியாக அன்றித் தொழிலாளரே நேரில் விண்ணப்பிக்கவும் வழி பிறந்தது. நம் மாநிலத் திட்டத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிவுக்குப்பின் ஓராண்டே போதும்.

ஓராண்டு அனைவருக்கும் என்றால் கருவூலம் தாங்குமா என்று கேட்கலாம். செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் வருமான வரம்பு ஏற்கெனவே கடுமையாகச் சலிக்கிறது. மூன்றாண்டு வரம்பும் உண்டு. ஆகவே நான் கேட்பவை இரண்டு: காத்திருப்பு ஓராண்டாகட்டும், இடையில் செய்யும் சில நாள் கூலி வேலை தகுதியைப் பறிக்காதிருக்கட்டும். ஆய்வேட்டை ஒப்படைத்த மறுநாள் நம்மில் பலரும் நிற்கப்போகும் வரிசை இது. அதன் விதிகளை இப்போதே படித்து வைப்போம்.