16 கோல்... இரண்டாம் டீம்... கவரைப்பேட்டை திண்ணையில் ஒரு ஹாக்கி பஞ்சாயத்து!

போன ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்து, கவரைப்பேட்டையில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பிரியாணி வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. ஆனால், வீட்டுத் திண்ணையில் யாருக்கும் சாப்பிடும் மூடு இல்லை. பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது.

குற்றவாளி, அண்ணன் மகன். ஒன்பதாவது படிக்கிறான். ஸ்கூல் ஹாக்கி டீம் லிஸ்ட் வந்திருக்கிறது. முதல் 11 பேரில் அவன் பெயர் இல்லை. சப்ஸ்டிட்யூட். ஹாக்கி ஸ்டிக்கைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "இனிமே பிராக்டீஸுக்குப் போக மாட்டேன்" என்று உட்கார்ந்திருந்தான்.

அண்ணன், அதாவது பெரியம்மா பையன், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறார். பக்கத்தில் அவருடன் ஒரே லைனில் வேலை செய்யும் ஒடிசாக்காரர். எட்டு வருடமாக இங்கே இருக்கிறார். நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். வீட்டில் எல்லோருக்கும் அவர் 'ஒடிசா மாமா'. சொந்த ஊர் சுந்தர்கர் மாவட்டம். நமக்குக் கோவில்பட்டி எப்படியோ, இந்திய ஹாக்கிக்கு சுந்தர்கர் அதைவிடப் பெரிய ஊர். அங்கே வயல் வரப்பில்கூடப் பையன்கள் மூங்கில் குச்சியை வைத்துப் பந்தைத் தட்டுவார்கள் என்பார்.

கிரிக்கெட் ஓடும் நாட்டில் இந்த இருவரும் ஹாக்கி பைத்தியங்கள். டீ இடைவேளையில் ஒரே போனில் மேட்ச் பார்ப்பவர்கள். அன்றைக்கு இருவரும் பையனுக்கு எடுத்துச் சொன்னது, 2022 ஆசியக் கோப்பை கதையை.

"அந்த டீம்ல யாரு இருந்தாங்க சொல்லு?" என்றார் அண்ணன்.

பையன் வாயைத் திறக்கவில்லை. மாமா ஆரம்பித்தார்.

ஜகார்த்தாவில் நடந்த அந்தப் போட்டிக்கு இந்தியா தன் முதல் டீமை அனுப்பவில்லை. 2023 உலகக் கோப்பையை நடத்தும் நாடு என்பதால் இந்தியாவுக்கு ஏற்கெனவே இடம் உறுதி. எனவே, போனது இரண்டாம் வரிசை டீம். பயிற்சியாளர் சர்தார் சிங். ஓய்வை அறிவித்துவிட்டுத் திரும்பி வந்திருந்த பிரேந்திர லக்ரா கேப்டன். "எங்க சுந்தர்கர்" என்று மாமா நெஞ்சில் தட்டிக்கொண்டார். டிப்சன் டிர்க்கி, நீலம் சஞ்சீப் செஸ் என மேலும் இரண்டு பேரும் அவர் மாவட்டம்தான்.

"எங்க ஆளுங்களும் ரெண்டு பேர்" என்று அண்ணன் குறுக்கே வந்தார். அரியலூர் கார்த்தி செல்வம், கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல். இருவருமே கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்தவர்கள்.

மே 23, முதல் மேட்ச். எதிரில் பாகிஸ்தான். 9-வது நிமிடத்தில் கோல். அடித்தது கார்த்தி. அந்த முன்னிலையைக் கடைசி வரை காப்பாற்றி, 59-வது நிமிடத்தில் கோட்டை விட்டார்கள். 1-1. அடுத்த நாள் ஜப்பானிடம் 2-5 என்று உதை. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மே 26. இந்தோனேசியாவுடன் கடைசி லீக் மேட்ச். அடுத்த சுற்றான 'சூப்பர் 4'-க்குப் போக வேண்டுமென்றால், குறைந்தது 15 கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். பாதி ஆட்டத்தில் 6-0. மூன்று குவார்ட்டர் முடிந்தபோது 10-0. மீதி 15 நிமிடம். இன்னும் 5 கோல் வேண்டும்.

"அன்னைக்கு எனக்கு செகண்ட் ஷிப்ட்" என்றார் அண்ணன். "லைன்ல போன் எடுக்க முடியாது. பாத்ரூம் போற சாக்குல ஸ்கோர் பார்த்தேன். 16-0ன்னு இருந்துச்சு. போன்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சேன்."

16-0 நிஜம்தான். கார்த்தி அதில் இரண்டு கோல். பாகிஸ்தான் வெளியே போனது. அவர்களின் உலகக் கோப்பை வாய்ப்பும் கூடவே போனது.

சூப்பர் 4-ல், தங்களை உதைத்த அதே ஜப்பானை 2-1 என்று ஜெயித்தார்கள். மலேசியாவுடன் 3-3. தென் கொரியாவுடன் 4-4. அந்த நாலில் ஒன்று மாரீஸ்வரன் அடித்தது. ஒரு மேட்ச்சிலும் தோற்கவில்லை. ஆனாலும் மூன்று அணிகளுக்கு ஒரே புள்ளி என்பதால், கோல் வித்தியாசத்தில் பைனல் கைநழுவியது. ஜூன் 1 அன்று ஜப்பானை மறுபடியும் 1-0 என்று வென்று வெண்கலம். அந்த ஒரு கோல் ராஜ்குமார் பால் அடித்தது.

பையன் இதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது நிமிர்ந்து கேட்டான். "சரி, அவங்கள்லாம் இப்போ எங்க?"

நல்ல கேள்வி. திண்ணையில் சட்டென்று அமைதி.

உண்மையான பதில் கொஞ்சம் கலவையானது. ராஜ்குமார் பால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினார். கார்த்தி 2023-ல் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராபியில் இந்திய ஜெர்சியில் இறங்கினார். பைனலில் 1-3 என்று பின்தங்கிய இந்தியா, மலேசியாவை 4-3 என்று ஜெயித்தது. ஆனால், பாரிஸ் டீமில் கார்த்தி இல்லை. மாரீஸ்வரனும் இல்லை. 2025 ஜனவரியில் ஹாக்கி இந்தியா லீக்கில் கார்த்தி ஆடிய தமிழ்நாடு டிராகன்ஸ், சுந்தர்கர்காரர் அமித் ரோஹிதாஸ் தலைமையில் அரையிறுதி வரை போனது. அங்கே பெங்கால் டைகர்ஸுடன் 2-2 சமன். ஷூட் அவுட்டில் தோல்வி. அன்றைக்கு மாமா இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை என்று அண்ணி சாட்சி சொன்னார்.

"பார்த்தியா, பெஞ்ச்ல இருந்தா அவ்ளோதான்" என்றான் பையன்.

அப்போதுதான் மாமா எழுந்து போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ஸ்டிக்கை எடுத்து வந்தார். "டேய், இது கிரிக்கெட் இல்ல, தண்ணி பாட்டில் தூக்கிட்டு ஓடறதுக்கு. இங்க பெஞ்ச்னா வேற."

அவர் சொன்னது சரி. ஹாக்கியில் மைதானத்தில் 11 பேர். ஆனால், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். ஆட்டத்தை நிறுத்தக்கூட வேண்டாம்; ஒருவர் வெளியே வர, இன்னொருவர் உள்ளே ஓடுவார். பெனால்டி கார்னர் நேரத்தில் மட்டும் மாற்ற முடியாது. முன்வரிசை ஆட்டக்காரர் சில நிமிடங்கள் முழு மூச்சில் ஓடிவிட்டு வெளியே வருவார், மூச்சு வாங்குவார், மறுபடி போவார். நான்கு குவார்ட்டரிலும் அதே வேகம் இருக்க வேண்டுமென்றால் பெஞ்ச்சில் இருப்பவர்களும் அதே தரத்தில் இருக்க வேண்டும். பெஞ்ச் பலமில்லாத டீம் கடைசி குவார்ட்டரில் மூச்சு வாங்கியே தோற்கும்.

"எங்க லைன்ல ரிலீவர் இருக்காருல்ல, அந்த மாதிரி" என்றார் அண்ணன். ஒருவர் சாப்பிடப் போனால் ரிலீவர் அந்த இடத்தில் நிற்பார். பத்து மெஷினும் தெரிந்திருந்தால்தான் அவர் ரிலீவர். அவர் வராத நாளில்தான் அவர் அருமை தெரியும்.

பிறகு அண்ணன் கொஞ்சம் குரலை இறக்கினார். நான் அதுவரை கேள்விப்படாத விஷயம் அது.

"பதினொண்ணாவது படிக்கும்போது என்னையும் சப்ஸ்டிட்யூட்லதான் போட்டாங்க. கோவிச்சுக்கிட்டு வந்துட்டேன். அந்த வருஷம் ரெண்டாவது மேட்ச்லயே ஒருத்தனுக்குக் கால்ல அடி. சார் வீட்டுக்கே ஆள் அனுப்பினாரு. நான் போகல." நிறுத்திவிட்டுப் பையனைப் பார்த்தார். "பெஞ்ச்ல உக்காந்தா இந்தியாவுக்கு ஆடுவேன்னு நான் சொல்லல. கூப்பிடும்போது நீ அங்க இருக்கணும். அவ்ளோதான்."

பெரியம்மா உள்ளேயிருந்து, "பிரியாணி ஆறுது" என்று குரல் கொடுத்தார். பஞ்சாயத்து தீர்ப்பு இல்லாமலேயே கலைந்தது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். பையன் யாரிடமும் பேசவில்லை. மாமா மட்டும் ஒரு கையில் ஸ்டிக்கை வைத்து, கைப்பிடியில் பிரிந்து கிடந்த டேப்பை இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பியபோது, பையன் வாசலில் நின்று அப்பாவிடம் கேட்டது காதில் விழுந்தது.

"நாளைக்கு உனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்தானே? நீ எழுந்திருக்கும்போது என்னையும் எழுப்பிவிடு."